அரண்மனைக்கு எதிர்வீடு: இளவரசி சோபியாவைத் தேடி ஆறு நாள்

முதல் நாள்: ஹாம்ப்டன் கோர்ட்

ஹவுன்ஸ்லோவில் மகள் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் 111ஆம் எண் பஸ் ஏறினால் ஹாம்ப்டன் கோர்ட் வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். பேரனை நர்சரியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். "அரண்மனைக்கு டிக்கெட் போடட்டுமாம்மா?" என்று கேட்டாள் மகள். "வேண்டாம்டி, நான் பார்க்கப் போறது அரண்மனைக்கு எதிர்த்த வீட்டை" என்றேன்.

அந்த வீட்டின் பெயர் ஃபாரடே ஹவுஸ். மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தார். 1867இல் இறந்ததும் இங்கேதான். விக்டோரியா மகாராணி அவருக்கு வாடகை வாங்காமல் கொடுத்த வீடு அது. 1896இல் அதே வீட்டை மூன்று சகோதரிகளுக்குக் கொடுத்தார்: பாம்பா, கேத்தரின், சோபியா. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் பெண்கள், ரஞ்சித் சிங்கின் பேத்திகள்.

முப்பத்து மூன்று வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். ரஞ்சித் சிங் பாடத்தில் உண்டு. 1849இல் பத்து வயதுப் பையனிடம் கையெழுத்து வாங்கி ஒரு ராஜ்யத்தையும் கோகினூர் வைரத்தையும் எடுத்துக்கொண்டது உண்டு. அந்தப் பையன் வளர்ந்து, அவனுக்குப் பிறந்த பெண் லண்டன் தெருவில் பெண்களின் வாக்குரிமைக்காக நின்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கே தெரியும். எத்தனை பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

சுவரில் நீலநிற வட்டப் பலகை, 2023 மே மாதம் பதித்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் சாலைக்கு அந்தப் பக்கம் அரண்மனை. அந்தத் தூரத்தை நடந்து பார்த்தேன். என் முழங்கால் வலியோடு சில நிமிடம். 1913இல் சோபியா அந்தச் சில நிமிடத்தைத்தான் நடந்தார். தோளில் ஒரு பை, பை நிறைய 'சஃப்ரஜெட்' என்ற பெண்கள் வாக்குரிமைப் பத்திரிகை, பக்கத்தில் 'புரட்சி' என்று எழுதிய தட்டி. அரண்மனை வாசலில் நின்று கூவி விற்றார். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. மென்மயிர்க் கோட்டும் தொப்பியும் அணிந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நிற்கிறார்.

விக்டோரியா மகாராணி அவருக்கு ஞானத்தாய். இருந்த வீடு அரசரின் தயவு, சாப்பிட்ட சோறு அரசாங்கம் கொடுத்த உதவித்தொகை. நாலு சுவருக்குள் பேசியிருக்கலாம். பணம் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவரோ வீடு கொடுத்தவரின் வாசலிலேயே போய் நின்றார். அரண்மனை அதிகாரி ஒருவர் இந்திய விவகார அமைச்சர் கிரூ பிரபுவுக்குக் கடிதம் எழுதி, இந்தப் பெண்ணைத் தடுக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். வீட்டைப் பிடுங்கியிருக்கலாம், பிடுங்கவில்லை. ஆனால் பிடுங்க முடியும் என்பது சோபியாவுக்குத் தெரியாதா என்ன?

இத்தனைக்கும் இளமையில் அவருக்கு அரசியல் வாடையே கிடையாது. நல்ல உடை, சைக்கிள், நாய்க் கண்காட்சி என்று பத்திரிகைகளில் படம் வரும். பொமரேனியன் நாய் வளர்ப்பில் பரிசெல்லாம் வாங்கியவர். 1907 வாக்கில் லாகூர் போனார், தாத்தாவின் தலைநகருக்கு. கோகலேயையும் லாலா லஜபதி ராயையும் சந்தித்தார். திரும்பி வந்த பிறகு, பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் இயக்கத்தில் சேர்ந்தார்.

இரவு வீட்டுக்குள் நுழையும்போது மிதியடிமேல் ஒரு உறை கிடந்தது. உள்ளூர் மன்றத்திலிருந்து வந்த கடிதம். மகள் எடுத்து ஃபிரிட்ஜ் மேல் மற்ற காகிதங்களோடு வைத்தாள்.

இரண்டாம் நாள்: வெஸ்ட்மின்ஸ்டர்

செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஸ்டேஷனில் இறங்கினேன். கேக்ஸ்டன் ஹால் சிவப்புச் செங்கல் கட்டடம், இப்போது அங்கே கூட்டம் எதுவும் நடப்பதில்லை. பக்கத்துப் பூங்காவில் சுருள் ஓலையை நிறுத்தி வைத்ததுபோல, வாக்குரிமைக்குப் போராடிய பெண்களுக்கான ஒரு நினைவுச் சின்னம், 1970இல் வைத்தது. அங்கே உட்கார்ந்து பையிலிருந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

1910 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. சொத்துள்ள பெண்களில் ஒரு பகுதியினருக்காவது வாக்கு தரும் மசோதா ஒன்று பாராளுமன்றத்தில் இருந்தது. அதற்கு நேரம் ஒதுக்காமலே சபையைக் கலைக்கப்போவதாகப் பிரதமர் ஆஸ்குவித் அறிவித்தார். கேக்ஸ்டன் ஹாலில் கூடியிருந்த சுமார் 300 பெண்கள் சிறு சிறு குழுவாகப் பிரிந்து பாராளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். முதல் குழுவில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட். பிரிட்டனில் தகுதி பெற்று மருத்துவத் தொழில் செய்த முன்னோடிப் பெண்மணி எலிசபெத் காரெட் ஆண்டர்சன், அப்போது அவருக்கு 74 வயது. விஞ்ஞானி ஹெர்த்தா அயர்ட்டன். அவர்களோடு 34 வயது சோபியா.

முதல் குழுவைப் போலீஸ் பாராளுமன்ற வாசலருகே நிறுத்திவைத்தது. பிரதமரும் பார்க்க மறுத்துவிட்டார். பின்னால் வந்த பெண்கள் அடிபடுவதை அவர்கள் நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஆறு மணி நேரம் அடிதடி. தரையில் தள்ளினார்கள், கையை முறுக்கினார்கள், சொல்லக் கூசும் இடங்களில் கை வைத்தார்கள். பிற்பாடு நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்த நாளுக்குக் 'கறுப்பு வெள்ளி' என்று பெயர் நின்றுவிட்டது.

ஒரு போலீஸ்காரர் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார். சோபியா நடுவில் போய் நின்று தடுத்தார். இளவரசி என்று அடையாளம் தெரிந்ததும் அந்த ஆள் கூட்டத்துக்குள் நழுவினார். சோபியா விடவில்லை. பின்னாலேயே போய்ச் சட்டையிலிருந்த எண்ணைப் பார்த்து மனசில் பதித்துக்கொண்டார். வி 700. அந்த எண்ணை வைத்துப் புகார் எழுதினார். பதில் வரவில்லையென்றால் மறுபடி எழுதினார். கடைசியில் உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் அந்தக் கோப்பில், இந்தப் பெண்மணிக்கு இனிப் பதில் அனுப்ப வேண்டாம் என்று குறித்துவைத்தார்.

இந்த எண் விஷயம்தான் எனக்கு அவரை மிகவும் நெருக்கமாக்கியது. அத்தனை தள்ளுமுள்ளில் கோபப்படுவது யாருக்கும் வரும். எண்ணைப் படிக்க நிதானம் வேண்டும்.

அன்று 119 பேர் கைது. மறுநாள் வழக்கில்லாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் கிளர்ச்சி நிற்கவில்லை. அதே நவம்பரில் டப்ளினிலிருந்து வந்திருந்த மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் பெண்மணி கண்ணாடி ஜன்னல் உடைத்ததற்காக ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். 1917இல் அடையாறில் அன்னி பெசன்ட் அம்மையாரோடு சேர்ந்து இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர் இவர்தான். அடுத்த நான்கே ஆண்டில், 1921இல், இந்தியாவின் மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. சொத்து நிபந்தனையோடுதான், ஆனாலும் கொடுத்தது.

பார்லிமென்ட் ஸ்கொயரில் வாக்குரிமை இயக்கத் தலைவி மில்லிசன்ட் ஃபாசெட் சிலை. 2018 வரை இந்தச் சதுக்கத்தில் ஒரு பெண் சிலைகூட இல்லை. பீடத்தைச் சுற்றி வாக்குரிமைக்காக உழைத்த 59 பேரின் பெயரும் படமும். குனிந்து தேடி சோபியாவைக் கண்டுபிடித்தேன். கை வைத்துத் தடவிப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. கொஞ்ச தூரத்தில் காந்தி நிற்கிறார். 1906இல் லண்டன் வந்தபோது, சிறைக்குப் போன இந்தப் பெண்களின் துணிச்சலைப் பாராட்டித் தம் பத்திரிகையில் எழுதியவர் அவர்.

மூன்றாம் நாள்: கியூ

தேசிய ஆவணக் காப்பகம். 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை இங்கே கணினியில் காசில்லாமல் பார்க்கலாம். வீட்டுக்காரர்கள் தங்கள் கையால் எழுதிக் கொடுத்த தாள்களை அப்படியே பாதுகாத்தது இங்கிலாந்தில் அந்த முறைதான் முதல்.

நான் 2001இலும் 2011இலும் கணக்கெடுக்கப் போனவள். கோவில்பட்டிக்குத் தெற்கே ஆறு தெரு எனக்கு. பள்ளி முடிந்து வெயிலோடு வெயிலாக அலைந்தது கால்களுக்கு இன்றும் ஞாபகம் இருக்கும். அதனால் அந்தத் தாள் திரையில் வந்தபோது முதலில் கட்டங்களைத்தான் பார்த்தேன். பெயர், உறவுமுறை, வயது, திருமணம், தொழில். அதே கட்டங்கள். தாளின் குறுக்கே மையில் சோபியாவின் எழுத்து. வாக்கு இல்லையேல் கணக்கெடுப்பும் இல்லை என்கிறார். அடுத்து அவர் எழுதியிருப்பது தமிழில் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கிறது: பெண்களை யாரும் எண்ணாததால் அவர்கள் எண்ணப்பட மறுக்கிறார்கள். எண்ணுவது என்ற ஒரே சொல்லில் நமக்கு மதிப்பதும் வருகிறது, கணக்கிடுவதும் வருகிறது.

அந்த ஏப்ரல் 2ஆம் தேதி இரவு எத்தனையோ பெண்கள் கணக்கில் வராமலிருக்க வீட்டை விட்டு வெளியே கழித்தார்கள். எமிலி டேவிசன் என்ற போராளி பாராளுமன்றக் கட்டடத்திலேயே ஒரு துடைப்ப அறைக்குள் ஒளிந்திருந்தார். மறுத்தால் ஐந்து பவுண்டு அபராதமோ ஒரு மாதச் சிறையோ என்று சட்டம். சோபியா ஒளியவில்லை. விலாசம் எழுதிய தாளிலேயே, மாட்டேன் என்று எழுதினார்.

நான் அலுவலராகப் போன வீட்டில் ஒரு பெண் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன்? மறுத்தவர் யாருமில்லை. ஆனால் வாக்குச்சாவடிப் பணியில் ஒருமுறை, நோட்டா வருவதற்கு முன்னால், ஒரு பெண் 49 ஓ கேட்டாள். யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடும் விதி அது. முகவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எதுக்கும்மா வம்பு" என்று ஒருவர் சொன்னார். அவள் என்னைப் பார்த்து, "எழுத எடம் இருக்கில்ல டீச்சர்? அதுல எழுதுங்க" என்றாள். 17-ஏ பதிவேட்டை நகர்த்தி வைத்தேன். நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கணக்கெடுப்பின்போது வேறொன்று அடிக்கடி நடக்கும். "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டால் பெண்கள் சொல்ல மாட்டார்கள். பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள். அது பரவாயில்லை. வடக்கே பல பெண்கள் சொந்தப் பெயரையே சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்னதால், நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. பெயர் சொன்னால்தான் ஓட்டு. அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலோர் பெயர் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

நாலாம் நாள்: மழை

வெளியே போகவில்லை. பேரனுக்குக் காய்ச்சல். ஏலங்களைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன்.

வாக்கு இல்லாதவள் வரி கட்ட மாட்டாள் என்று ஒரு சங்கம் இருந்தது. பெண்கள் வரி மறுப்புக் கழகம். சோபியா அதில் முக்கியமானவர். அந்த நாளில் நாய் வளர்க்க, ஆண் வேலையாள் வைக்க, வண்டி வைக்க என்று எல்லாவற்றுக்கும் உரிமக் கட்டணம் உண்டு. சோபியா எதையும் கட்டவில்லை. 1911 மே மாதம் ஒரு வேலையாள், ஐந்து நாய், ஒரு வண்டி என்று வழக்கு. மூன்று பவுண்டு அபராதம். ஜூலையில் ஆறு ஷில்லிங் பாக்கிக்காக ஏழு கல் பதித்த வைர மோதிரத்தை ஜப்தி செய்து ஏலம் விட்டார்கள். கழகத்துத் தோழி ஒருவர் பத்துப் பவுண்டுக்கு எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். 1913 டிசம்பரில் மறுபடி வழக்கு, பன்னிரண்டரைப் பவுண்டு அபராதம். கட்டவில்லை. 131 முத்துக் கோத்த மாலையும் வைரமும் முத்தும் பதித்த தங்க வளையலும் ட்விக்கன்ஹாம் டவுன் ஹாலில் ஏலத்துக்கு வந்தன. மாலை பத்துப் பவுண்டு, வளையல் ஏழு பவுண்டு. இரண்டையும் எடுத்தவர்கள் கழகத்துப் பெண்களே.

ஏல நாளை எல்லோரும் அவமானமாக நினைப்பார்கள். எங்கள் தெருவில் நகை ஏலத்துக்குப் போனால் அந்த வீட்டில் விளக்குகூடப் போட மாட்டார்கள். இந்தப் பெண்களோ ஏலக்கூடத்தையே கூட்டம் போடும் இடமாக மாற்றினார்கள். தன்னைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவள் என்கிற அரசு, வரி கட்ட மட்டும் தகுதியுள்ளவள் என்பது எப்படி என்று சோபியா கோர்ட்டிலேயே கேட்டார்.

ஐந்தாம் நாள்: தெட்ஃபோர்டு, எல்வெடன்

கிங்ஸ் கிராஸில் ஏறி ஈலியில் மாறினேன். தெட்ஃபோர்டில் ஆற்றின் நடுவே ஒரு தீவு, பட்டன் ஐலண்ட். அங்கே துலீப் சிங் குதிரைமேல் இருக்கிறார். 1999இல், இன்றைய மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது திறந்துவைத்த சிலை. ஊருக்குள் ஏன்ஷியன்ட் ஹவுஸ் என்ற பழைய மரவீடு இப்போது அருங்காட்சியகம். அதை வாங்கி ஊருக்குக் கொடுத்தவர் சோபியாவின் அண்ணன் ஃபிரெடரிக். ராஜ்யத்தை இழந்த குடும்பத்துப் பிள்ளை, வந்து சேர்ந்த ஊருக்கு வீடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

டாக்ஸியில் எல்வெடன். மாளிகைக்குள் விடுவதில்லை. துலீப் சிங் 1863இல் வாங்கி உள்ளே பளிங்கும் சுதை வேலையுமாக ஒரு பஞ்சாபைக் கட்டிக்கொண்ட இடம் அது. சோபியாவின் சிறுவயது இங்கேதான். 1886இல் அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். ஏடனில் தடுத்து நிறுத்திவிட்டார்கள். குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது, அப்பா பாரிஸுக்குப் போய்விட்டார். மறுவருடம் அம்மா பாம்பா இறந்தார். சோபியாவுக்கு அப்போது பதினோரு வயது.

தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் மூன்று சமாதிகள். அப்பா, அம்மா, பதின்மூன்று வயதில் போன தம்பி எட்வர்ட். அப்பாவும் தம்பியும் 1893இல், ஒரே வருடத்தில். சமாதிமேல் யாரோ காவித் துணியும் செவ்வந்தியும் வைத்திருந்தார்கள். பர்மிங்காமிலிருந்து வந்திருந்த ஒரு சீக்கியக் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டிக்கு ஆங்கிலம் வரவில்லை, எனக்குப் பஞ்சாபி வராது. அவர் மகாராஜாவின் கல்லைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அம்மாவின் கல்லைக் காட்டினேன். கெய்ரோவில் ஒரு ஜெர்மன் வியாபாரிக்கும் அபிசீனியத் தாய்க்கும் பிறந்து, மிஷன் பள்ளியிலிருந்து ஒரு மகாராஜாவுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண். அந்தக் கல்லருகே எதுவும் இல்லை. பாட்டி தன் பூக்கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து என் கையில் கொடுத்தார். வைத்துவிட்டு வந்தேன்.

ரயிலில் நினைத்துக்கொண்டே வந்தேன். கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளக்கூடியது எது, எடுக்க முடியாதது எது என்று சோபியாவுக்கு ஒன்பது வயதில் ஏடனில் தெரிந்திருக்கும்.

ஆறாம் நாள்: பென்

சனிக்கிழமை. பேரனுக்கு உடம்பு தேறிவிட்டது, மகளே காரில் கூட்டிப்போனாள். பக்கிங்ஹாம்ஷயரில் பென் என்ற சிற்றூர். சோபியாவின் கடைசி வீடு ஹில்டன் ஹால் இங்கேதான். தனியார் வீடு, சாலையிலிருந்தே பார்த்தோம்.

1918இல் முப்பது வயதான பெண்களுக்குச் சொத்து நிபந்தனையோடு ஓட்டு வந்தது. 1928இல் ஆண்களைப் போலவே இருபத்தொரு வயதில். சில வாரங்கள் முன்னால்தான் பாங்க்ஹர்ஸ்ட் இறந்திருந்தார். 1930இல் அவருக்குச் சிலை திறந்தபோது பூ அலங்காரக் குழுவுக்குச் சோபியா தலைவர். இரண்டாம் உலகப் போரில் லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளை இந்த ஊரில் தன்னோடு வைத்து வளர்த்தார். வீட்டுவேலை பார்த்த அம்மாவின் சின்ன மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஓட்டுப் போடாமல் இருக்கவே கூடாது, நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா என்று சொல்லிச் சொல்லிச் சத்தியம் வாங்குவாராம். 1948 ஆகஸ்ட் 22 இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். அஸ்தி இந்தியாவுக்குப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் மேலிருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்தேன். நினைத்தது சரி. இந்த வீட்டில் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்கள் யார் யார் என்று கேட்கும் படிவம். ஆறு வருடமாக மகள் இங்கே இருக்கிறாள். "நமக்கு இல்லம்மா, நான் இந்தியன் பாஸ்போர்ட்" என்றாள். இந்தியா காமன்வெல்த் நாடு, முறைப்படி தங்கியிருப்பவர்கள் இங்கே எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம் என்று படிவத்திலேயே இருந்தது. படித்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்து மறுபடி படித்தாள்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். ஐந்து நிமிட வேலை. பெயர், பிறந்த தேதி, முகவரி, குடியுரிமை. பேரன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, "என்னம்மா எழுதற?" என்று கேட்டான். "என் பேரு" என்றாள்.